கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 46. பள்ளிக்காலம் தொட்டே துப்பறியும் கதைகள்தான் படிக்கிறேன். வேறு எதுவும் ஒட்டுவதில்லை. "இன்னுமா இதையே படிக்கிறீர்கள்?" என்று வாசிப்புக் குழு நண்பர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு கேள்விகள். கொலைகாரன் யார் என்று நன்றாகத் தெரிந்த ஒரு நாவலை நான்கு முறை படித்துவிட்டேன். புதிர் அவிழ்ந்த பிறகும் அது ஏன் அலுக்கவில்லை? இன்னொன்று, புதிய நாவல்களில் பாதியிலேயே ஆளைப் பிடித்துவிடுகிறேன். இந்த வகையை விட்டு வெளியே வரவேண்டிய நேரம் வந்துவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர்களின் சிரிப்பை முதலில் முடித்துவிடுவோம். தீவிர இலக்கியம் மட்டுமே படிக்கிறவர்களுக்கும் பிடித்த வகை ஒன்று உண்டு. அதை வகை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் யாரோ ஒருவர் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார் என்பது முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எனக்கும் அது பிடிக்கும். அப்படி நான்கைந்து கதைகள் நானே எழுதியிருக்கிறேன்.

உங்கள் முதல் கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது.

2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஜோனதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முடிவைச் சொல்லிவிட்டும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் கதையைக் கூடுதலாக ரசித்திருந்தார்கள், மர்மக் கதைகளிலும்கூட. பின்னால் வேறு சிலர் செய்த சோதனையில் நேர்மாறாகவும் வந்தது, அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் நீங்கள் தனி ஆள் இல்லை.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டாம் அத்தியாயம், வீட்டுக் கூடத்தில் சொத்துச் சண்டை நடக்கிறது. குடும்ப மருத்துவர் நடுவில் எழுந்துபோய், நின்றுபோன சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து முள்ளைத் திருப்பி வைக்கிறார். "இந்த வீட்டில் எதுவும் ஒழுங்காக ஓடாது" என்று சிரித்துவிட்டு வந்து உட்காருகிறார். முதல் வாசிப்பில் அந்த வரியில் கண் நிற்காது. முன்னும் பின்னும் இரண்டு பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள். முள் 20 நிமிடம் தள்ளி வைக்கப்பட்டது என்பதும் அந்த 20 நிமிடத்தில்தான் கொலை நடந்தது என்பதும் கடைசியில்தான் தெரியும். இரண்டாம் முறை அதே கூடத்துக்குள் நுழையும்போது கத்துகிறவர்களை யார் பார்க்கிறார்கள்? கண் மருத்துவரின் கைமேலேயே இருக்கிறது. அங்கே ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அட, இரண்டு கூச்சலுக்கு நடுவில் இதை ஒளித்து வைத்திருக்கிறானே என்று எழுதியவன்மேல் ஒரு செல்லக் கோபம் வருகிறது. முதல் முறை நீங்கள் ஏமாந்தவர். இப்போது எழுதியவன் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஏமாறுவதைப் பார்க்கிறீர்கள்.

முடிவு தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை எனக்குப் புரியவைத்தவர் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி. காதல் கதை தவிர எதையும் தொடமாட்டார். "கடைசியில் சேரத்தானே போகிறார்கள், அப்புறம் எதற்கு முந்நூறு பக்கம்?" என்று ஒருநாள் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சேருவாங்கன்னு தெரிஞ்சாத்தான் சார் நடுவுல வர்ற சண்டையை நின்னு படிக்க முடியுது. இல்லன்னா பயத்துல பக்கத்தைத் தள்ளிடுவேன்." எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு எந்த வகையை எடுத்தாலும், அது வாசகருக்கு எதை முன்கூட்டியே உறுதி செய்கிறது என்றுதான் பார்க்கிறேன். துப்பறியும் கதையில் விடை உண்டு என்பது உறுதி. வரலாற்று நாவலில் போரில் வென்றது யார் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நாம் படிப்பது போருக்கு முந்தைய இரவில் அவனுக்குத் தூக்கம் வந்ததா என்று தெரிந்துகொள்ள. என் சொந்த வகை பேய்க் கதை. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பது, நள்ளிரவில் அடிக்கும் போன் என்று நிஜத்தில் நான் பயப்படும் எதற்கும் உருவம் கிடையாது. கதையில் அது மாடிப்படி ஏறி வருகிறது. எத்தனையாவது படி என்றுகூட எண்ணலாம். தாங்கவில்லை என்றால் புத்தகத்தை மூடலாம். அறிவியல் புனைகதை மட்டும் கொஞ்சம் ஏறுமாறு. அந்த உலகின் விதிகளையே போகப்போகக் கற்றுக்கொள்ள வேண்டும். சிலருக்கு அதுதான் ருசி, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, இரண்டாவது கேள்வி. ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், 1929இல் இந்த வகைக்குப் பத்து விதிகள் போட்டார். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்று ஒரு விதி. (ஒன்று இருக்கலாமாம்!) துப்பறிகிறவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியவராக இருக்கவேண்டும், ஆனால் அவர் மனதுக்குள் வாசகரை நுழைய விட்டிருக்கக் கூடாது. முப்பது வருடமாகப் படிக்கிற உங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லாமலே மனப்பாடம். ஆரம்பத்தில் வந்தவர்களில் யார் மனது மட்டும் மூடிக் கிடக்கிறது என்று உங்கள் கண் தானாகத் தேடுகிறது. பிறகு ஏன் அகப்பட மாட்டான்? நாக்ஸ் விதி போடுவதற்கு 3 வருடம் முன்பே ஒரு நாவல் அந்த மனது விஷயத்தில் துணிந்து கைவைத்தது. பெயரைச் சொல்லமாட்டேன். நீங்கள் படித்திருப்பீர்கள், இதைப் படிக்கிற எல்லோரும் படித்திருக்க மாட்டார்கள்.

வெளியே வரவெல்லாம் வேண்டாம். ஆளைப் பிடித்த பிறகு மேலே படிக்கத் தோன்றாத நாவலைக் கூச்சப்படாமல் மூடிவையுங்கள். ஆள் யார் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடும் கதைகளையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள். ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912இல் வந்த சிறுகதைத் தொகுப்பிலேயே அதைச் செய்திருக்கிறார்: முதல் பகுதியில் கொலை நம் கண்ணெதிரே நடக்கும், அடுத்த பகுதியில் துப்பறிகிறவர் நமக்குத் தெரிந்தது எதுவும் தெரியாமல் வந்து நிற்பார். நான்கு முறை படிக்கிற ஆளுக்கு அது சரியாக இருக்கும்.

அந்த நான்கு முறை படித்த நாவலின் பெயரை எழுதவே இல்லையே? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கொலைகாரன் யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சான் டியேகோக்காரர்கள் என்ன சொன்னாலும் சரி, முதல் முறை நான் ஏமாறவேண்டும்.

அன்புடன்.