எடை மெஷினில் ஏறுமுன்

அன்புள்ள ஐயா,

பித்தப்பைக் கல் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை மூன்று தடவை படித்தேன். என் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூடப் போய் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பவன் நான். அந்த வார்டைப் பற்றி வேடிக்கையாக ஒன்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு, "அப்பா படுற பாடு உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்று கேட்டாள். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. எழுதியதை இணைத்திருக்கிறேன். நோயை வைத்துச் சிரிக்கலாமா?

(பெயர் வேண்டாமே), தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

அக்கா சொன்னதில் பாதி சரி.

உங்கள் அப்பா கல்யாண வீட்டில் ரசத்தை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மறுநாள் வார்டில் எடை மெஷினில் ஏறுமுன் சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறாரே, அப்புறம் யோசித்து மூக்குக் கண்ணாடியையும் கழற்றுகிறாரே, அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஏறிய எடைதான் உடம்பில் தங்கிய தண்ணீர், அவ்வளவையும் டயாலிசிஸ் மெஷின் இழுத்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நர்ஸம்மாவிடம் திட்டு வாங்குவதுதான் அவருக்கு அதைவிடப் பெரிய பயம். இதில் சிரிப்பு மூட்டுவது நோய் இல்லை, மனுஷன்.

இதை பிரெஞ்சு நகைச்சுவை நாடகக்காரர் மோலியேர் நன்றாக அறிந்தவர். 1673 பிப்ரவரியில் பாரிஸில் அவர் மேடையேற்றிய கடைசி நாடகம், தனக்கு ஏதோ வியாதி என்று நம்பி மருந்தும் எனிமாவுமாகவே வாழ்கிற ஒருவரைப் பற்றியது. அந்த வேஷம் கட்டியவரும் மோலியேர்தான். அவருக்கோ நிஜமாகவே நெஞ்சில் கோளாறு, பல வருஷ இருமல். முந்தைய நாடகம் ஒன்றில், 'உங்களுக்கு இருமல்கூட அழகாகத்தான் இருக்கிறது' என்கிற மாதிரி தன்னிடமே ஒரு பாத்திரத்தைச் சொல்ல வைத்தவர். கடைசி நாடகத்தின் முடிவில் டாக்டர் பட்டம் கொடுக்கிற கூத்து ஒன்று வரும். அரைகுறை லத்தீனில் எந்த வியாதியைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: எனிமா கொடு, ரத்தம் எடு, பேதிக்குக் கொடு. குணமாகவில்லையா? மறுபடி ரத்தம் எடு, மறுபடி பேதிக்குக் கொடு, மறுபடி எனிமா. நாலாவது ஆட்டம் பிப்ரவரி 17. கூத்தின் நடுவே அவருக்கு உடம்பு வெட்டி இழுத்ததாம், அதைச் சிரிப்பாக மாற்றிச் சமாளித்தாராம். ஆட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர் அன்றிரவே இறந்தார். வயது 51.

அவர் கிண்டல் செய்தது தன் இருமலை, வைத்தியர்களின் லத்தீனை, சாவுக்குப் பயந்த பணக்காரரை. பக்கத்து வீட்டுக்காரர் இருமலை இல்லை.

இப்போது அக்காவின் பாதி. மூன்றாம் பத்தியில், அடுத்த கட்டில்காரர் கால் நரம்பு இழுத்துக் கத்துவதை 'ஹார்மோனியம் போல' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சிரித்தாரா? அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். நல்ல உவமையும் இல்லை அது.

அதற்குப் பதிலாகப் பார்க்க வருகிறவர்களை எழுதலாம், அள்ள அள்ளக் குறையாது. எனக்குப் பித்தப்பையை எடுத்திருந்தபோது ஒருவர் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, தன் சித்தப்பாவுக்கும் இதே கல்தான் என்று ஆரம்பித்தார். "இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"இருந்திருந்தா எண்பது ஆகியிருக்கும்."

சிரித்ததில் தையல் வலித்தது. அவருக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று கடைசிவரை புரியவில்லை.

திருத்தியதை முதலில் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள், அக்காவும் பக்கத்தில் இருக்கும்போது. சில்லறை எவ்வளவு என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். 'கொஞ்சம் சில்லறை' என்று விட்டிருக்கிறீர்கள், அது போதாது.