யாங்கீஸ் 27, ரெட் சாக்ஸ் 9: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்க பேஸ்பாலில் நான் நியூயார்க் யாங்கீஸ் ரசிகன், எங்கள் பரம எதிரி பாஸ்டன் ரெட் சாக்ஸ். தலைப்பில் இருப்பது இரண்டு அணிகளும் வென்ற வேர்ல்ட் சீரிஸ் கோப்பைகள், அதாவது இரண்டு லீகுகளின் சாம்பியன்களும் மோதும் வருடக் கடைசித் தொடர். பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் என் பதில்களைச் சந்தேகத்தோடு படிக்கலாம், தப்பில்லை. ஆனால் வருடங்களையும் தொகைகளையும் என் கட்சிக்காக வளைக்க மாட்டேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 27 வேர்ல்ட் சீரிஸ் என்று மார்தட்டுகிறீர்களே அண்ணா, அதில் பாதி தாத்தா காலத்துக் கோப்பைதானே?

பாதி என்ன, 20. 1923 முதல் 1962 வரைக்குள் வந்தவை அவை. மீதி ஏழு: 1977, 78, 96, 98, 99, 2000, 2009. அந்தப் பழைய காலத்தின் விதிகளைப் பார்த்தால் காரணம் புரியும். 1960 வரை மொத்தமே 16 அணிகள், லீகுக்கு எட்டு. லீகில் முதலிடம் வந்தால் நேரே வேர்ல்ட் சீரிஸ், நடுவில் ப்ளேஆஃப் எதுவும் கிடையாது, அது 1969ல்தான் வந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரன் அதே அணிக்குத்தான் கட்டுப்பட்டவன், 1975 கடைசியில் வந்த தீர்ப்பு வரைக்கும் இதுதான் நிலைமை. இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டும் 1965 வரை இல்லை, காசும் நல்ல கண்ணும் உள்ள அணி நல்ல பையன்களை அள்ளிக்கொண்டு போகலாம்.

கான்சஸ் சிட்டி விவகாரம் வேறு. யாங்கீ ஸ்டேடியத்தின் கட்டடத்தையே சொந்தமாக வைத்திருந்த ஆர்னால்ட் ஜான்சன், 1954ல் அத்லெட்டிக்ஸ் அணியை வாங்கி அடுத்த சீசனுக்கு கான்சஸ் சிட்டிக்குக் கொண்டு போனார். அப்புறம் அங்கே தேறுகிற வீரர்கள் ஒவ்வொருவராக நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். 1961ல் 61 ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) அடித்த ரோஜர் மேரிஸ் 1959 டிசம்பரில் அந்த வழியாக வந்தவர்தான். இதை நியாயம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

1965ல் யாங்கீஸ் ஆறாவது இடம், 1966ல் பத்துக்குப் பத்தாவது. ட்ராஃப்ட் ஒரே வருடத்தில் செய்த வேலை இல்லை இது, நட்சத்திரங்களுக்கு வயதாகிவிட்டது, கீழ்நிலை அணிகளில் இருந்து வருவதற்கும் ஆள் இல்லை. ஆனால் பழையபடி பணத்தைக் கொட்டி இளைஞர்களை அள்ளிக்கொள்ளும் வழி அதற்குமேல் அடைந்துவிட்டது.

அதே விதிகள் மற்ற பணக்கார முதலாளிகளுக்கும் இருந்தனவே, அவர்கள் ஏன் ஜெயிக்கவில்லை? டாம் யாக்கி 1933ல் ரெட் சாக்ஸை வாங்கினார், கையில் குடும்பச் சொத்து ஏராளம், தாராளமாகச் செலவும் செய்தார். 1976ல் இறக்கும் வரை ஒரு வேர்ல்ட் சீரிஸ்கூடக் கிடைக்கவில்லை.

கேள்வி: ஜாம்பவான் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்ற ரெட் சாக்ஸ் முதலாளி ஹாரி ஃப்ரேஸி உலக மகா முட்டாள் என்று ஒத்துக்கொள்வீர்களா சார்?

மாட்டேன். விற்றது தவறுதான், ஆனால் முட்டாள்தனம் என்பது பிறகு நடந்ததைத் தெரிந்துகொண்டு நாம் சொல்வது. 1919ல் ரூத் 29 ஹோம் ரன் அடித்துச் சாதனை செய்தும் ரெட் சாக்ஸ் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். ரூத்தோ சம்பளத்தை 10,000 டாலரிலிருந்து 20,000 ஆக்கச் சொல்கிறார். ஃப்ரேஸி நாடகத் தயாரிப்பாளர், அணியை வாங்கிய பழைய பாக்கி இன்னும் கழுத்தில் இருக்கிறது. போதாததற்கு லீக் தலைவர் பேன் ஜான்சனோடு சண்டை, எட்டில் ஐந்து முதலாளிகள் தலைவர் பக்கம். வியாபாரம் பேச மிஞ்சியது யாங்கீஸும் சிகாகோ வைட் சாக்ஸும்தான். கடைசியில் யாங்கீஸ் ஒரு லட்சம் டாலர் விலை பேசியது, கூடவே ஃபென்வே பார்க்கை அடமானமாக வைத்து 3 லட்சம் டாலர் கடனும் கொடுத்தது. எதிரியின் மைதானமே நம் கையில் அடகு! யாங்கீஸ் முதலாளி ஜேக்கப் ருப்பெர்ட் பீர் ஆலைக்காரர், கணக்குத் தெரிந்தவர்.

ஃப்ரேஸியை நான் மன்னிக்காத இடம் வேறு. ரூத்தோடு அவர் நிறுத்தவில்லை. வெய்ட் ஹாய்ட், ஜோ புஷ், சாம் ஜோன்ஸ், எவரெட் ஸ்காட், வாலி ஷாங், ஹெர்ப் பெனாக் என்று வரிசையாக அனுப்பினார். மேனேஜராக இருந்த எட் பேரோவும் 1920 கடைசியில் நியூயார்க் போய் நிர்வாகத்தில் உட்கார்ந்தார். 1923ல் யாங்கீஸ் முதல் கோப்பை வாங்கியபோது அந்த அணியில் பாதி பாஸ்டன் சரக்கு. ஒருவரை விற்றால் அணி மீளலாம், பந்து வீசும் பிட்ச்சர்களை மொத்தமாக விற்றால் எப்படி மீளும்? இந்தப் பக்கம், ரூத் 1920ல் 54 ஹோம் ரன் அடிக்க, யாங்கீஸ் ஆட்டங்களுக்கு அந்த ஒரே சீசனில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம். பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் அணி.

கேள்வி: அப்போ சாபம் என்பது?

ரூத்தை விற்ற பாவத்தால்தான் ரெட் சாக்ஸுக்குக் கோப்பை கிடைக்கவில்லை என்பது, 1986 வேர்ல்ட் சீரிஸில் நியூயார்க் மெட்ஸிடம் தோற்றதற்கு அப்புறம் பரவிய கதை. உண்மையான காரணம் வேண்டுமென்றால் 1945 ஏப்ரலைப் பாருங்கள். கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் ஃபென்வே பார்க்குக்கே வந்து தேர்வு ஆட்டம் ஆடிக் காட்டினார், திரும்ப அழைப்பு வரவில்லை. 1947ல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடினார். ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின வீரராக பம்ப்ஸி கிரீனை இறக்கியது 1959ல், பழைய 16 அணிகளில் கடைசியாக. திறமையின் ஒரு பெரும் பங்கை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு ரூத்தின் ஆவியைக் குறை சொன்னால் எப்படி? யாங்கீஸும் யோக்கியம் இல்லை, எல்ஸ்டன் ஹவர்ட் வந்தது 1955ல்.

கேள்வி: 2004ஐப் பற்றிப் பேசாமல் தப்பிக்கப் பார்க்கிறீர்கள்.

பேசுகிறேன். ரெட் சாக்ஸோடு லீக் இறுதித் தொடர், ஏழில் நான்கு ஜெயிக்க வேண்டும். நாங்கள் 3–0 என்று முன்னிலை, மூன்றாவது ஆட்டத்தில் 19–8. நான்காவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், எங்கள் மரியானோ ரிவேரா பந்து போடுகிறார், 4–3 என்று நாங்கள் முன்னிலை. ரெட் சாக்ஸின் டேவ் ராபர்ட்ஸ், பந்து அடிக்கப்படும் முன்பே ஓடி இரண்டாம் பேஸைத் திருடினார், பில் மில்லர் அடித்த அடியில் சமன், 12வது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன். அங்கிருந்து தொடர்ந்து நான்கு தோல்வி. 3–0 பின்தங்கிய அணி தொடரை ஜெயித்தது அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றிலேயே அது ஒருமுறைதான். அதற்கு முந்தைய வருடம் எங்கள் ஏரன் பூன் 11வது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னில் நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கு வட்டியும் முதலும் வாங்கிவிட்டார்கள்.

ஆனால் ஏழை பணக்காரனை வென்ற கதையாக மட்டும் அதைச் சொல்லாதீர்கள். அந்த சீசன் தொடக்கத்தில் யாங்கீஸ் சம்பளப் பட்டியல் சுமார் 18 கோடி டாலர் என்றால் ரெட் சாக்ஸ் 12 கோடிக்கு மேல், லீகில் இரண்டாவது இடம். இரண்டு பணக்காரர்களின் பங்காளிச் சண்டை அது.

கேள்வி: ஐபிஎல்லில் எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ், 2025 ஏலத்துக்கு 120 கோடி ரூபாய். இங்கே அப்படி எதுவும் இல்லையா?

இல்லை. உச்சவரம்பே கிடையாது, லக்ஷுரி டாக்ஸ் என்று ஓர் அபராதம் மட்டும். 2025ல் எல்லை 24.1 கோடி டாலர், தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி, அடுத்தடுத்த வருடங்களில் விகிதம் ஏறும். புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன டாட்ஜர்ஸ் 2024க்கு 10.3 கோடி டாலர் வரி கட்டியது, கோப்பையையும் வாங்கியது.

உச்சவரம்பைக் கொண்டுவர முதலாளிகள் முயன்றதால்தான் 1994ல் வேலைநிறுத்தம், அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. அப்போது 74 வெற்றி, 40 தோல்வி என்று முதலிடத்தில் இருந்தது குறைந்த சம்பளத்தில் ஆடிய மான்ட்ரியால் எக்ஸ்போஸ். அந்த அணி இன்று இல்லை, 2005ல் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ல் முடிகிறது, அதே சண்டை மறுபடி வரும்.

கேள்வி: யாங்கீஸுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?

டிக்கெட் ஒரு பக்கம், டிவி இன்னொரு பக்கம். 1973ல் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் குழு சுமார் ஒரு கோடி டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கிய அணி, 2025ல் ஃபோர்ப்ஸ் மதிப்பீட்டில் 820 கோடி டாலர். டாட்ஜர்ஸ் 680, ரெட் சாக்ஸ் 480. 2002ல் யெஸ் என்ற சொந்தச் சேனல் தொடங்கினார்கள். அணிகள் தங்கள் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுக் குளத்தில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சேனல், அணிக்குக் கொடுக்கும் உரிமத் தொகை அந்தக் கணக்கில் வரும், சேனல் தானாகச் சம்பாதிக்கும் லாபம் வராது. சூட்சுமம் அங்கேதான். ரெட் சாக்ஸுக்கும் 1984லிருந்தே நெசன் சேனல் இருக்கிறது, அதனால் பாஸ்டன்காரர்கள் இதில் ரொம்பப் பொங்க வேண்டாம்.

கேள்வி: பின்னே ஏன் எங்கள் ரெட் சாக்ஸ் ஆட்கள் நட்சத்திர வீரர் மூக்கி பெட்ஸை விற்றார்கள்? (இதையே பலர் கேட்டிருக்கிறீர்கள், ஒருவர் கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு.)

கோபம் நியாயமானது. ஜான் ஹென்றி குழு 2002ல் வாங்கிய பிறகு நான்கு கோப்பை, 2004, 2007, 2013, 2018. அதே காலத்தில் யாங்கீஸுக்கு ஒன்றே ஒன்று. அப்படிப்பட்ட நிர்வாகம் 2020 பிப்ரவரியில் பெட்ஸை டாட்ஜர்ஸுக்கு அனுப்பியது, அவர் அங்கே 12 வருடம், 36.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். 2025 ஜூனில் யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்த அன்றே இன்னொரு நட்சத்திரம் ரஃபேல் டெவர்ஸை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தள்ளிவிட்டார்கள். பணம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. லிவர்பூல் கால்பந்து அணி இதே குழுமத்துக்குச் சொந்தம், பிட்ஸ்பர்க் ஐஸ் ஹாக்கி அணியையும் வாங்கியவர்கள். நாற்பதாயிரம் இருக்கைகூட இல்லாத ஃபென்வே பார்க்கில் 820 ஆட்டங்கள் வரிசையாக ஹவுஸ்ஃபுல் காட்டியவர்கள். செலவு செய்ய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: டாட்ஜர்ஸ் பேஸ்பாலைக் கெடுக்கிறதா?

அதை யாங்கீஸ் ரசிகன் சொன்னால் ஊர் சிரிக்கும். அவர்களின் ஜப்பானிய நட்சத்திரம் ஒஹ்தானியின் 70 கோடி டாலரில் 68 கோடியைப் பின்னாளில் தருவதாக எழுதியிருக்கிறார்கள், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. 2013ல் போட்ட டிவி ஒப்பந்தம் 25 வருடத்துக்கு 835 கோடி. 2024, 2025 என்று அடுத்தடுத்து வென்றது எரிச்சல்தான். ஆனால் யாங்கீஸின் 1998–2000க்கு அப்புறம் கால் நூற்றாண்டு யாராலும் கோப்பையைத் தக்கவைக்க முடிந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: புதிதாக பாஸ்டன் வந்திருக்கிறேன். எந்த அணியை ஆதரிப்பது?

ரெட் சாக்ஸ். ஊரில் நிம்மதியாக இருக்க வேண்டாமா? ஏப்ரல் வார நாள் ஆட்டத்துக்கு டிக்கெட் விலை குறைவாக இருக்கும், தடித்த ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரில் ப்ளேஆஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்டு சுற்றில் யாங்கீஸ் 2–1 என்று அவர்களை வெளியேற்றியதை மட்டும் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்காதீர்கள்.