கண்மாய், ஏரி பராமரிப்பு: கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்திருக்கிறேன். கேட்டவரின் மாவட்டத்தை மட்டும் குறிப்பிடுகிறேன்.

சிவகங்கை: ஐயா, எங்கள் கண்மாயைத் தூர்வாரினார்கள். மழையும் நன்றாகப் பெய்தது. ஆனாலும் பாதிகூட நிரம்பவில்லையே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான் தம்பி. கண்மாய்க்குள் மண் அள்ளுவதற்கு முன்னால் வரத்துக்காலை, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை, அது தொடங்கும் இடம்வரை நடந்து பார்த்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட வரைபடம் கேட்டு வாங்குங்கள். கால்வாயின் உண்மையான அகலம் அதில் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் நுழையும் வாயில் தொடங்கி மேல்நோக்கி நடந்து போங்கள். எங்காவது சாலைக்கு அடியில் போட்ட குழாய் கால்வாய்த் தரையைவிட உயரமாக இருக்கும். எங்காவது வீட்டுமனை போட்டவர்கள் கால்வாயை மூடியிருப்பார்கள். சில இடங்களில் பக்கத்து வயல்காரர் வருடா வருடம் ஓர் அடி வெட்டிச் சேர்த்துக்கொண்டே வந்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் சங்கிலித் தொடர். மேல் கண்மாய் நிரம்பி, மிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் கலுங்கு வழியாக மறுகால் போனால்தான் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர். மேல் ஊர்க்காரர்கள் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுக்கியிருந்தால் மனு எழுதுவதற்கு முன் அந்த ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் கரைக்கும் அது ஆபத்துதான்.

மதுரை: ஆழமாகத் தோண்டினால் அதிகத் தண்ணீர் நிற்குமே, ஏன் விட மாட்டேன் என்கிறார்கள்?

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. அடியில் இருக்கும் களிமண் படுகையை வெட்டிவிட்டால் தண்ணீர் வேகமாகக் கீழே இறங்கிவிடும். கரையை ஒட்டித் தோண்டினால் கரையே சரியலாம். ஆடு மாடு குடிக்கக் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால், கரையிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு சிறு குட்டை போதும்.

புதுக்கோட்டை: வண்டல் மண் எடுக்க யாரிடம் போவது?

தாசில்தார் அலுவலகம். சொந்த நிலத்துக்கென்றால் விவசாயிகளுக்கு இலவசம். நுழைவாய்ப் பக்கம் மணல்தான் கிடைக்கும், உள்ளே தாழ்வான பகுதியில் படிவதே நல்ல வண்டல். சாக்கடை கலக்கும் ஏரி என்றால் மண் பரிசோதனை செய்யாமல் வயலில் கொட்டாதீர்கள்.

ராமநாதபுரம்: சீமைக் கருவேலத்தை வெட்ட வெட்ட முளைக்கிறது அண்ணே.

வெட்டினால் முளைக்கத்தான் செய்யும், வேரோடு பிடுங்க வேண்டும். காயைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்திலிருந்து மறுபடி விதை முளைக்கும் என்பதால், அடுத்தடுத்த வருடங்களிலும் கன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். 2017-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு பல ஊர்களில் வேகமாக அகற்றினார்கள். தொடர்ந்து கவனிக்காத இடங்களில் திரும்பவும் காடாகிவிட்டது. உங்கள் மாவட்டத்தில் இந்த மரத்தைக் கரியாக்கும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். கண்மாயிலும் வரத்துக்காலிலும் இருப்பதை முதலில் எடுங்கள், தரிசில் நிற்பதை அந்தக் குடும்பங்களிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

செங்கல்பட்டு: ஏரிக்குள் ஆக்கிரமிப்பு. எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது?

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரியால் பாசனம் பெறும் நிலம், இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். துறை ஏரிகளுக்கு 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி எல்லையை அளந்து, நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டும். ஒன்றிய ஏரிகளுக்கு 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். பஞ்சாப் குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலத்தை மீட்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மனுவில் அதையும் குறிப்பிடுங்கள். குடிசை போட்ட ஏழையை மட்டும் காலி செய்துவிட்டுப் பெரிய கட்டடத்தை விட்டுவைத்தால் அதை எழுத்தில் கேளுங்கள், விடாதீர்கள்.

திருவண்ணாமலை: 2017-ல் வந்த குடிமராமத்தும் பழைய குடிமராமத்தும் ஒன்றுதானா?

இல்லை. பழையது ஊரார் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் கூடிச் செய்த ஏரிப் பராமரிப்பு வேலை. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டிலேயே ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் வருகிறது. வெள்ளையர் காலத்தில், 1858-ல், வராதவர்மேல் கட்டாயம் போடச் சட்டம் வந்தது. 2017-ல் அரசு தொடங்கியபோது விவசாயிகளின் பங்கு பத்து சதவீதம் என்று வைத்தார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பங்கை வேலை எடுத்தவரே கட்டிவிட்டால் ஊருக்கு அதில் என்ன பிடிப்பு இருக்கும்? அடுத்த வருடம் மடைப்பலகை உடைந்தால் யார் பார்ப்பது என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடிக்காத வேலை எனக்கு நிறைவு தருவதில்லை.

திண்டுக்கல்: எங்கள் ஊரில் மடையை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். தண்ணீர் கண்மாயிலேயே நின்று கிணறு ஊறினால் போதும் என்கிறார்கள். சரியா?

கிணறு வைத்திருப்பவருக்குச் சரி. கிணறு இல்லாத கடைமடைக்காரர் அவரிடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். இலவச மின்சாரம் வந்த பிறகு வசதியுள்ளவர்களுக்குக் கண்மாய்மேல் இருந்த அக்கறை குறைந்துபோனதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அடைப்பதென்றால் கிணறு இல்லாதவர்களும் ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு என்ன ஈடு என்று முடிவான பிறகே அடைக்க வேண்டும்.

விருதுநகர்: நிலமில்லாத எங்களுக்குக் கண்மாயில் என்ன பங்கு? சங்கத்தில் எங்கள் பெயரே இல்லை.

நியாயமான கேள்வி அம்மா. 2000-ம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நிலம் உள்ளவர்தான் உறுப்பினர். மீன் பிடிப்பவர், மண்பாண்டம் செய்பவர், ஆடு மாட்டை நம்பி வாழ்பவர் எல்லாம் வெளியே நிற்கிறார்கள். மடை திறந்து வயலுக்கு வயல் பங்கு வைத்த நீர்க்கட்டிகளும், பல ஊர்களில் பரம்பரையாகப் பட்டியல் சாதிக் குடும்பங்கள், அப்படித்தான். அறுவடையில் அவர்களுக்கு அளந்த நெல்லும் பல இடங்களில் நின்றுவிட்டது. கிராம சபையில் உங்களுக்கு ஓட்டு உண்டு. மீன் ஏலப் பணம் எங்கே போகிறது என்று அங்கே கேளுங்கள். அதில் ஒரு பகுதியை நீர்க்கட்டி சம்பளத்துக்கு ஒதுக்கும்படி தீர்மானம் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.