பத்தாவது தேறாமல் நேரடியாகப் பட்டம் வாங்கலாமா?

கேள்வி: புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 26. பத்தாவதில் கணக்குப் பாடத்தில் மட்டும் தவறிவிட்டேன். 'பத்தாவது, பிளஸ் டூ எதுவும் வேண்டாம், நேரடியாக பி.ஏ. முடித்துத் தருகிறோம்' என்று ஓர் ஏஜென்ட் 38,000 ரூபாய் கேட்கிறார். டிஎன்பிஎஸ்சி எழுதுவதுதான் என் ஆசை. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. நீங்கள் நினைக்கிற அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லாது. பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம்தான் பட்டம் என்று வரிசையாகப் படித்திருக்க வேண்டும். 2009-இல் வந்த அரசாணை 107 சொல்வது இதைத்தான். பட்டத்தை முதலில் வாங்கிவிட்டு பிளஸ் டூவைப் பின்னால் எழுதினாலும் ஏற்க மாட்டார்கள்.

தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர் மஞ்சள் பையில் லேமினேட் செய்த பட்டத்தோடு என்னிடம் வந்தார். தேர்வில் நல்ல மதிப்பெண். சான்றிதழ் சரிபார்ப்பில் தேதிகளைப் பார்த்திருக்கிறார்கள். பிளஸ் டூவுக்கு முந்தைய வருடமே பட்டம் வாங்கியிருந்தார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் கட்டணம் வாங்கிய இடத்தில் ஒருவர்கூட இதை அவரிடம் சொல்லவில்லை. சேர்க்கை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய விஷயம் இது. இத்தனை வருடமாக அதைச் செய்ய வைக்க ஆள் இல்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு பேப்பர். தனித்தேர்வராக எழுதுங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சில நூறு ரூபாயோடு முடியும். அதில் தேறினாலே குரூப் 4 எழுதலாம். அதற்குப் பட்டமே தேவையில்லை. பிளஸ் டூவையும் தனித்தேர்வராக எழுதிவிட்டு, பட்டத்துக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு நேரே போங்கள். பக்கத்து ஊரிலேயே பல்கலைக்கழகம் இருக்கும்போது நடுவில் ஏஜென்ட் எதற்கு?

ஒரு விலக்கு உண்டு. பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ படித்தவர்களுக்கு பிளஸ் டூ இல்லாதது குறையாகாது. டிப்ளமோவே அந்த இடத்தில் நிற்கும். ஆனால் பத்தாவதுக்குப் பிறகு படித்த மூன்று வருட டிப்ளமோவாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டர்களில் ஆறு மாதத்துக்குக் கொடுக்கிற 'டிப்ளமோ' இதில் வராது. டைப்பிங், டிடிபி, டேலி எதுவும் வராது. இந்த ஒரு சொல்லை வைத்தே பலரை ஏமாற்றுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

'ஒரே சிட்டிங்கில் மூன்று வருடத் தேர்வு', 'பழைய தேதி போட்டுத் தருகிறோம்' என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய தேதி போடுவது மோசடி; வழக்கு வந்தால் சான்றிதழில் இருப்பது உங்கள் பெயர்தான், ஏஜென்டின் பெயர் இல்லை. எந்தப் பல்கலைக்கழகமானாலும், அந்த வருடம் அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் பெயரில் மட்டும் போக வேண்டும், ரசீதும் அதன் பெயரில் வர வேண்டும்.

உங்கள் மாற்றுச் சான்றிதழையோ மதிப்பெண் பட்டியலையோ 'பதிவுக்கு' என்று அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், நாளைக் காலை ஆலைக்குப் போகும் முன் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.