காய்ச்சலும் இதயத் தமனிப் புடைப்பும்: கேள்வி பதில்

கோலாலம்பூரில் குழந்தைகள் இதயப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேளுங்கள்.

செந்தூல்: மூன்று வயது மகனுக்குக் கவாசாக்கி. எக்கோ ஸ்கேனில் 'அனியூரிசம்' என்கிறார்கள். வெடித்துவிடுமா டாக்டர்?

வெடிப்பது மிக அபூர்வம் அம்மா. கவாசாக்கி என்பது சிறு பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய். அதனால் இதயத் தமனி புடைப்பதுதான் அனியூரிசம். புடைத்த இடத்தில் ரத்தம் தேங்கி உறைவதுதான் ஆபத்து. மாரடைப்பு அதனால் வருகிறது. ரிப்போர்ட்டில் இசட் ஸ்கோரைப் பாருங்கள். அதே உடல் அளவுள்ள பிள்ளைகளின் சராசரியைவிடக் குழாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று காட்டும் எண் அது. 2.5 முதல் சிறிய புடைப்பு, 5 முதல் நடுத்தரம். 10-ஐத் தொட்டாலோ, குழாய் 8 மில்லிமீட்டர் ஆனாலோ பெரியது. சிறியவை பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் பழைய அளவுக்குத் திரும்பும். பெரியதற்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் தேவைப்படும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பட்டர்வொர்த்: டிங்கி பரவும் நாட்டில் குழந்தைக்கு ஆஸ்பிரினா? விபரீதம்!

டிங்கி சந்தேகம் இருந்தால் கூடாதுதான், ரத்தக்கசிவு வரும். ஆனால் கவாசாக்கி உறுதியான பிள்ளைக்கு அது தேவையான மருந்து. ஃப்ளூ அல்லது சின்னம்மை வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் பயம் உண்டு.

பட்டர்வொர்த்: எது டிங்கி, எது கவாசாக்கி என்று கிளினிக்கில் எப்படித் தெரியும்? என் அண்ணன் மகளை டிங்கி என்று சொல்லியே ஒரு வாரம் அலையவிட்டார்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. 5 நாளாக இறங்காத காய்ச்சல், பீளையில்லாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி போன்ற நாக்கு, வீங்கிய உள்ளங்கை, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி: இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே நாளில் வராது. காலையில் இருந்த தடிப்பு மாலையில் மறைந்திருக்கும். போனில் படம் எடுத்து வையுங்கள். டிங்கியில் பிளேட்லெட் இறங்கும், கவாசாக்கியில் இரண்டாம் வாரம் ஏறும். இன்னொன்று: நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறோம். கைக்குழந்தைக்கு அந்தத் தழும்பு திடீரென்று சிவந்து தடித்தால் கவாசாக்கியை நினையுங்கள். விரல்நுனித் தோல் உரியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ரத்த நாளம் வழியாக ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்தான ஐவிஐஜி, காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் 4 பிள்ளைகளில் ஒன்றுக்குப் புடைப்பு வருகிறது. ஏறினால் 100-க்கு 4 அளவில் நிற்கிறது.

கிள்ளான்: ஐவிஐஜிக்குப் பிறகு எம்எம்ஆர்?

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசிதானே? 11 மாதம் கழித்து.

புக்கிட் மெர்தாஜாம்: அப்பாவுக்கு 62. ஆஞ்சியோவில் புடைப்பு.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிவுதான் காரணம். ஸ்டென்ட்டா, பைபாஸா, மருந்து மட்டுமா என்பதை அவருடைய இதய டாக்டர்தான் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பூச்சோங்: மகன் நன்றாக ஓடுகிறான். ஆஸ்பிரினை நிறுத்தலாமா?

மேலேயே சொல்லிவிட்டேன். எக்கோ பார்த்த டாக்டர் சொல்லும்வரை கூடாது.

ரவாங்: வார்ஃபரினோடு நாட்டு மருந்து?

கேட்காமல் வேண்டாம். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு தாறுமாறாகும்.

கெப்போங்: பெரிய புடைப்பு உள்ள ஒரு வயது மகள் காலையிலிருந்து வாந்தி, ஓயாத அழுகை. முகம் வெளுத்திருக்கிறது. வயிற்றுக் கோளாறா?

இந்த வயதில் மாரடைப்பு இப்படித்தான் தெரியும். இப்போதே 999-ஐக் கூப்பிடுங்கள். புடைப்பு இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.