சிறகில் ஒரு சிலந்தி – கடிதம்

அன்புள்ள ஐயா,

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மிமராக்னே என்ற அழிந்துபோன தத்துப்பூச்சியின் சிறகில் சிலந்தி உருவம் இருந்ததாகப் படித்தேன். அதே குடும்பத்தில் பிறகு சேர்க்கப்பட்ட மிமாப்ளாக்ஸில் சிலந்தியே இல்லை. அப்புறம் எப்படி இரண்டும் ஒரே குடும்பம்? கல்லில் பதிந்த ஒரு சிறகைக் கொண்டு குடும்பம் அமைப்பதெல்லாம் ஆய்வாளர்களின் இஷ்டம்தானே? இதனால் யாருக்கு என்ன பயன்? இந்தப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். பயன் பற்றிய கேள்வியை விலங்கியல் மாணவி கேட்கக்கூடாது, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் இஷ்டம் என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே புகையானை, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் அந்தத் தத்துப்பூச்சியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

ஒரு செய்தித் துணுக்கைப் படித்துவிட்டு, ஆயுளையே பூச்சிக்குக் கொடுத்தவர்களை இப்படிப் பேசலாமா? ரஷ்யப் பூச்சியியலாளர் திமித்ரி ஷெர்பகோவ் 2007-ல் மிமராக்னேயின் குடும்பத்தை அமைத்தபோது, பைகால் ஏரிக்குக் கிழக்கே பைஸாவில் கிடைத்த இரண்டு பேரினங்கள் அவர் முன் இருந்தன. ஒரு சிறகு அல்ல.

சிலந்தியை முதலில் மறந்துவிடுங்கள். அது எதிரியை ஏமாற்றப் போட்ட வேஷம். வேஷத்தைப் பார்த்து உறவு சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஸோனோசெமாட்டா என்றொரு பழ ஈ இருக்கிறது. அதன் சிறகிலும் தாவும் சிலந்தியின் கால்களைப் போன்ற பட்டைகள். 1987-ல் வெளியான ஓர் ஆய்வில் அதன் சிறகுகளை வெட்டி, வீட்டு ஈயின் சிறகுகளை ஒட்டிப் பார்த்தார்கள். சொந்தச் சிறகை ஆட்டிய ஈயைக் கண்டு தாவும் சிலந்தி பின்வாங்கியது. சிறகு மாற்றிய ஈயைத் தாக்கியது. வேஷம் ஒன்றாக இருப்பதால் அந்த ஈயும் மிமராக்னேயும் சொந்தக்காரர்களா? நிச்சயமாக இல்லை. உறவைத் தேட வேண்டியது எதிரி ஏறிட்டும் பார்க்காத இடங்களில்: சிறகு நரம்புகள் எவ்வளவு தள்ளிப்போய்ப் பிரிகின்றன, முதுகின் நடுவே ஓடும் வரம்பு ஒற்றையா இரட்டையா, பின்னங்கால் முனையின் பல்வரிசையில் நுண்மயிர் உண்டா. இந்த அற்ப விஷயங்கள்தான் மிமராக்னிடே குடும்பத்தின் அடையாளங்கள். மியான்மரின் கச்சின் பகுதி அம்பரில், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினில், கிடைத்த, சுமார் 9.9 கோடி ஆண்டு பழமையான மிமாப்ளாக்ஸ் வேறு வேஷம் போட்டது. உடலைத் தட்டையாக்கி, மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டது. சிலந்தி அதற்குத் தேவைப்படவில்லை.

நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் தஞ்சைப் பக்கம் ஒரு வயலில் நெற்தூரின் அடியிலிருந்து இரண்டு பூச்சிகளைப் பிடித்தார். ஒன்றுக்கு வயிற்றைத் தாண்டிய நீளச் சிறகு, மற்றதற்குப் பாதி வயிறுகூட மூடாத குட்டைச் சிறகு. ஓர் இனமா, இரண்டா என்று கேட்டார். வகுப்பில் பாதிப் பேர் இரண்டு என்றார்கள். அவர் திட்டவில்லை. கைலென்ஸைக் கொடுத்து, நீளச் சிறகின் உள்விளிம்பை ஒட்டிக் கவட்டை போல் இணையும் நரம்பைக் காட்டினார். பின்னங்காலைத் திருப்பி, அசையக்கூடிய குதிமுள்ளைக் காட்டினார். இரண்டுக்கும் அது இருந்தது. இரண்டும் புகையான்தான். கூட்டம் நெருக்கிப் பயிர் தளர்ந்தால் புகையானில் நீளச் சிறகுக்காரர்கள் பெருகுவார்கள், வேறு வயல் தேடிப் பறக்க. இரண்டும் தனித்தனியே கல்லில் பதிந்திருந்தால் இரண்டு பேரினங்கள் ஆகியிருக்கலாம். அந்த அபாயம் தெரிந்துதான், அம்மா, புதைபடிவக்காரர்கள் பெயர் வைக்கிறார்கள். புதுப் பூச்சி கிடைத்தால் அந்தப் பெயர் கவிழும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படித் துணிந்து எழுதுவதையா இஷ்டம் என்கிறீர்கள்?

மிமாப்ளாக்ஸ் பற்றிய 2019-ம் ஆண்டுக் கட்டுரை சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் இலவசமாகவே கிடைக்கிறது. படங்களைப் பெரிதாக்கி, நான் சொன்ன அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பொருந்தாதது ஏதாவது கண்ணில் பட்டால், எது, எந்தப் படத்தில் என்று குறித்து எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு இதைவிட நீளமாகப் பதில் எழுதுவேன்.

அன்புடன்