அச்சு இல்லாமல் மடித்துச் சுடும் பழ டார்ட்டின் அடிப்பாகம் ஏன் சொதசொதவென்று ஆகிறது?

கேட்டவர் மூன்று முறை செய்து பார்த்துவிட்டாராம். ஓரம் நன்றாகச் சிவந்து வருகிறது. நடுவில் வெட்டினால் அடிமாவு வேகாமல், நனைந்த அட்டைபோலத் தட்டோடு ஒட்டிக்கொள்கிறது. வெண்ணெய்க்குப் பதிலாக நெய் சேர்க்கலாமா, மாம்பழம் வைக்கலாமா என்று கூடவே இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கான பதிலை நான் நான்கு டார்ட்டுகளைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டேன். ஆகவே அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

எனக்கு ஊர் மறையூர். கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஆனால் வீட்டில் தமிழ்தான். மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்தையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மேலே காந்தளூரில், சுமார் 5,000 அடி உயரத்தில், பிளம்ஸும் பீச்சும் ஆப்பிளும் விளைகின்றன. மே மாதம் பிளம்ஸ் பழுத்துவிட்டால் ஜீப்பில் இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பை கொண்டுவந்து கொடுப்பார்கள். இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் கூடையின் அடியில் இருப்பது பழமல்ல, கூழ். அப்படிக் கூழாவதற்குள் ஒரு வழி பண்ண வேண்டுமே என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

வழி சொன்னவர் எங்கள் மாடி அறையில் நான்கு நாள் தங்கிய புதுச்சேரி அம்மா ஒருவர். அச்சுத் தட்டு எதுவும் வேண்டாம். மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழத்தைப் பரப்பி, ஓரத்தைச் சுற்றிலும் உள்பக்கமாக மடித்துவிட்டால் போதும், வட்டம் கோணலாக இருந்தால் இன்னும் அழகு என்றார். பிரெஞ்சில் இதன் பெயர் கலெட். பெயரை மட்டும் வைத்துத் தேடிவிடாதீர்கள்: பிரான்சின் வடமேற்கே பிரிட்டனி பகுதியில் கலெட் என்றால் பக்வீட் மாவில் தோசைபோல வார்ப்பது. அது வேறு சங்கதி.

முதல் முறை செய்தபோது உள்ளூர்ப் பெருமையில் சீனிக்குப் பதிலாக மறையூர் வெல்லத்தைப் போட்டேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம். பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிப்பது. அதில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம். பிளம்ஸை நறுக்கி, வெல்லத்தூளைத் தூவிப் பிசிறி வைத்துவிட்டு, சாவகாசமாக மாவு வேலைக்குப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தில் பழம் மிதந்துகொண்டிருக்கிறது. ஊறுகாய்க்கு மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதே, அதே கணக்குதான். உப்பைப் போலவே இனிப்பும் பழத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். அது தெரியாமல் அத்தனையையும் மாவின்மேல் கொட்டினேன். ஒரு பக்கம் மடிப்பு விட்டுப்போய், சாறு ஓவனின் தரையில் ஓடிக் கருகி, வீடு முழுக்கக் கரும்பாலை வாசம். என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இதைக் கடித்துச் சாப்பிட வேண்டுமா, உறிஞ்சிக் குடிக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

உங்கள் டார்ட்டிலும் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். பழத்தையும் இனிப்பையும் கடைசி நிமிடத்தில் சேருங்கள். மாவைத் தேய்த்து முடித்து, ஓவன் சூடேறி நிற்கும்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கல் நீக்கிய அரைக் கிலோ பிளம்ஸுக்கு 70 கிராம் வெல்லத்தூள், ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு சிட்டிகை உப்பு. பழத்துக்கு அடியில் மாவின்மேல் இரண்டு மேசைக்கரண்டி ரஸ்க் தூளைத் தூவிவிடுங்கள். முந்திரிப் பொடியும் ஆகும். ஆனால் ரஸ்க்தான் சாற்றை நன்றாகக் குடிக்கிறது, விலையும் குறைவு. பழம் ஒரு அடுக்கு மட்டும் போதும். ஆசைப்பட்டுக் குன்றுபோலக் குவித்தால் எந்த உபாயமும் உதவாது.

மறந்துபோய் முன்பே கலந்து, சாறு தேங்கிவிட்டதா? பழத்தை மட்டும் வடித்து எடுத்துக் கார்ன்ஃப்ளாரில் புரட்டி மாவில் வையுங்கள். சாற்றைச் சிறு தீயில் காய்ச்சுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், விரலில் பிசுக்கென்று ஒட்டினால் போதும். சுட்டு எடுத்தபிறகு அதைப் பழத்தின்மேல் தடவினால் கண்ணாடிபோல மின்னும். இப்போதெல்லாம் நான் வேண்டுமென்றே இப்படிச் செய்வதும் உண்டு.

அடுத்தது அடிச்சூடு. கடைகளில் கிடைக்கும் சிறிய ஓவன்களில் மேல்கம்பி முகத்துக்கு மிக அருகில் இருக்கும். ஓரம் சிவந்துவிடும், அடி பச்சையாகவே கிடக்கும். சிவந்ததைப் பார்த்து நாம் ஏமாந்து வெளியே எடுத்துவிடுகிறோம். எனக்குக் கைகொடுத்தது பிடியில்லாத பழைய இரும்புத் தோசைக்கல். அதைக் கீழ்த்தட்டில் வைத்து ஓவனை 200 டிகிரியில் அரை மணி நேரம் காயவிடுகிறேன். பேக்கிங் காகிதத்தின்மேல் தயாராக இருக்கும் டார்ட்டைக் காகிதத்தோடு அந்தக் கல்லின்மேல் தள்ளிவிட வேண்டும். முதல் 20 நிமிடம் கீழ்க்கம்பி மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து 20 முதல் 25 நிமிடம். நடுவில் இருக்கும் சாறு கொப்பளித்துக் கொதித்தால்தான் கார்ன்ஃப்ளார் வெந்து கெட்டிப்படும்; ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் எடுக்காதீர்கள். எடுத்த பிறகும் 40 நிமிடம் கத்தி வைக்கக் கூடாது. ஆறும்போதுதான் சாறு இறுகும். சொதசொதப்பு என்று புகார் சொல்கிறவர்களில் பாதிப்பேர் பொறுமையில்லாமல் சூட்டோடு வெட்டியவர்கள் என்பது என் சந்தேகம்.

மாவைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்க் கைக்கு இது உறுத்தும். 180 கிராம் மைதா, கால் தேக்கரண்டி உப்பு, சிறு துண்டுகளாக நறுக்கிய 115 கிராம் குளிர்ந்த வெண்ணெய், நான்கைந்து மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். உப்பு வெண்ணெய் என்றால் தனி உப்பு வேண்டாம். வெண்ணெயை விரல்நுனியால் மாவில் தேய்த்து உதிர்க்க வேண்டும். பட்டாணி அளவுக் கட்டிகள் சில அப்படியே கிடக்கும்போது நிறுத்திவிட வேண்டும். தண்ணீரைத் தெளித்து, பிசையாமல், ஒன்றாகச் சேர்த்து அழுத்தினால் போதும். என் அம்மா இதைப் பார்த்துச் சகிக்காமல், "கொடு இங்கே" என்று பிடுங்கிச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல ஐந்து நிமிடம் அடித்துப் பிசைந்துவிட்டார். வெண்ணெய் உருகி மாவோடு கலந்து, இழுத்தால் ரப்பர்போல வந்தது. சுட்ட பிறகு அதைக் கடிக்க வயதுப் பிள்ளைகளின் பல் தேவைப்பட்டது. மைதாவும் தண்ணீரும் சேர்ந்து பிசையப் பிசைய இழுவை கூடும். சப்பாத்திக்கு அது வரம், இதற்குச் சாபம். உருண்டையைத் தட்டையாக்கி மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஓர் அடி அகலத்துக்குத் தேயுங்கள். சுற்றிலும் நான்கு விரல் அகலம் விட்டுப் பழத்தைப் பரப்பி மடிக்க வேண்டும். மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரட்டும். மடித்தபின் மீண்டும் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜுக்குப் போனால் ஓரம் சரியாது; பழத்தையும் இனிப்பையும் கலந்து நடுவில் பரப்பிய பிறகு அதில் நேரம் கடத்த மனமில்லை என்றால், தேய்த்த வட்டத்தையே முன்கூட்டிக் குளிரவைத்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். ஓவனுக்குள் போகுமுன் ஓரத்தில் பால் தடவினால் நிறம் வரும்.

வெண்ணெய் விஷயத்தில் எங்களுக்கு வேறொரு சோதனை. உடுமலைப்பேட்டையில் வாங்கி பஸ் ஏறினால் சின்னார் காட்டைக் கடந்துதான் வர வேண்டும். மழை மறைவுப் பகுதி, வேனிலில் அனல் பறக்கும். முதல் முறை வாங்கியது வீடு வந்து சேர்ந்தபோது பை முழுக்க எண்ணெய். உருகி மறுபடி உறைந்த வெண்ணெய் இதற்கு உதவாது. இப்போது ஐஸ் பொட்டலத்தோடு டிபன் கேரியரில் வருகிறது.

நெய் ஊற்றலாமா என்றால், வேண்டாம் என்பேன். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். ஓவனில் அந்த நீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்கிப் பிரிக்கிறது. நெய்யில் நீர் இல்லை, ஆகவே ஏடும் இல்லை. நெய் பிஸ்கட்போல மணல்மணலாக உதிரும். ருசிக்குக் குறைவில்லை, ஆனால் மடிக்கும்போதே விண்டுபோகும்.

மாம்பழம் வைக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் வைக்கலாகாது. நன்றாகப் பழுத்த பங்கனபள்ளியை வைத்துச் செய்தேன். குழைந்துபோய், திகட்டும் இனிப்பாக, குழந்தைக்கு ஊட்டும் பதத்தில் வந்தது. பிளம்ஸின் தோலில் இருக்கும் புளிப்புதான் வெண்ணெய் மாவுக்கு எதிர்நின்று ருசி கொடுக்கிறது, மாம்பழத்தில் அதை நாம்தான் சேர்க்க வேண்டும். கிளிமூக்கு மாங்காய் அரைப்பழமாக இருக்கும்போது விரல் கனத்தில் கீறி, அரை எலுமிச்சம்பழச் சாறும் ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும் சேர்த்துப் பாருங்கள். சுக்கு என் அம்மாவின் யோசனை. பிசைந்து கெடுத்ததற்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம்.

கோடை மழை இடியோடு வந்தால் எங்களுக்கு மின்சாரம் போய்விடும். ஒரு முறை பாதி வெந்த நிலையில் போனது. ஓவன் கதவைத் திறக்காமல் இருந்தேன். கல்லின் சூடு அரை மணி நேரம் தாங்கியது. அப்படியும் அடி மெத்தென்று இருந்ததால், ஆறி இறுகியபின் காகிதத்தை உருவிவிட்டு, கேஸ் அடுப்பில் இன்னொரு தோசைக்கல்லில் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்தேன். மொறுமொறுப்பாகிவிட்டது. அன்றிலிருந்து மீந்த துண்டுகளுக்கும் அதே வைத்தியம்தான். மைக்ரோவேவில் வைத்தால் பழைய சொதசொதப்பே திரும்பி வரும். எங்கள் வீட்டில் காலையில் கல் காய்ந்ததும் முதலில் ஏறுவது நேற்றைய டார்ட். தோசை அதற்குப் பிறகு.